மனித உரிமை அமைப்புகளை முடக்கும் உத்தரவுகள்: வழக்காடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி இந்தியாவை 2020-இல் மத்திய அரசு தடை செய்துவிட்டதாக இன்றும் பலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரு தடை உத்தரவு கிடையாது. அமலாக்கத் துறையின் நடவடிக்கையில் வங்கிக் கணக்குகள் முடங்கின. செப்டம்பர் 29 அன்று, பணிகளை நிறுத்துவதாக அந்த அமைப்பே அறிவித்தது. ஆக, ஓர் அமைப்பை மூட அதைத் தடை செய்ய வேண்டிய தேவையே இல்லை. இது புரியாமல் 'தடையை நீக்கு' என்று கோருவதுதான் முதல் தவறு. எந்த அதிகாரி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் உத்தரவிட்டார் என்பதிலிருந்துதான் வழக்கு தொடங்குகிறது.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு நிதி பெற ஓர் அமைப்பு இதன் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பிரிவு 13 அந்தப் பதிவை இடைநிறுத்துகிறது, 14 ரத்து செய்கிறது, 16 புதுப்பித்தலைப் பற்றியது. ரத்து செய்வதற்கு முன் அமைப்பின் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று 14-ஆம் பிரிவே சொல்கிறது. ரத்தாகிவிட்டால் மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் பதிவு பெற முடியாது. ஒன்றுக்கு எழுதிய மனுவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் அரசு வழக்கறிஞருக்கு வேலை எளிதாகிவிடும்.

"இடைநிறுத்தம்தானே, 180 நாளில் முடிந்துவிடும்" என்று காத்திருப்பது இன்னும் ஆபத்தானது. மதுரையின் மக்கள் கண்காணிப்பகத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2012-இல் தொடங்கி, அதை நடத்தும் அறக்கட்டளையின் பதிவு அடுத்தடுத்து இடைநிறுத்தப்பட்டது. காவல் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்காக நீதிமன்றம் ஏறும் அமைப்பு, தன் வங்கிக் கணக்குக்காக டெல்லி உயர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அதன் பிறகும் 2016 அக்டோபரில் புதுப்பித்தல் மறுக்கப்பட்டது. அந்த மறுப்பு சட்டப்படியானதாகவோ நடுநிலையானதாகவோ தோன்றவில்லை என்று தேசிய மனித உரிமை ஆணையமே கருத்துத் தெரிவித்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு இடைநிறுத்தத்தை மேலும் 180 நாள் நீட்டிக்கலாம். ஏறக்குறைய ஓராண்டு வெளிநாட்டு நிதி இல்லாமல் எந்தச் சிறிய அமைப்பு வழக்கறிஞரையும் களப்பணியாளரையும் தக்கவைத்துக்கொள்ளும்? இறுதித் தீர்ப்பில் வென்றாலும் அலுவலகம் காலியாகியிருக்கும். எனவே தீர்ப்பு வரும்வரை காக்கும் இடைக்கால நிவாரணத்தை முதல் நாளிலேயே கேட்க வேண்டும். அதை மனுவின் கடைசிப் பத்தியில் ஒதுக்கிவைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

ஒரு முனையை மட்டும் பார்ப்பதும் தவறு. சூழலியல் அமைப்பான கிரீன்பீஸ் இந்தியா வெளிநாட்டு நிதி தொடர்பாக டெல்லியில் உள்துறை அமைச்சகத்தோடு வழக்காடிக்கொண்டிருந்தது. அது தமிழ்நாட்டில் பதிவான சங்கம். 2015 நவம்பரில் இங்குள்ள சங்கங்களின் பதிவாளர் அந்தப் பதிவையே ரத்து செய்தார். அந்த உத்தரவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உடனே இடைக்காலத் தடை விதித்ததால் அமைப்பு பிழைத்தது. ஆண்டறிக்கை, நிர்வாகக் குழுத் தீர்மானம், தணிக்கைக் கணக்கு ஆகியவற்றை மாநிலப் பதிவாளருக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்துவைப்பது ஏன் அவசியம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. உள்நாட்டு நன்கொடையைத் தனிக் கணக்கில் வைப்பதும் அப்படித்தான். உள்நாட்டு நன்கொடைக்கான இரண்டு கணக்குகளைப் பயன்படுத்த கிரீன்பீஸுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் அனுமதி கொடுத்தது.

வாதத்திலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. வெளிநாட்டு நிதி பெறுவது எங்கள் அடிப்படை உரிமை என்று தொடங்கினால் கதவு பாதி மூடிவிடும். அது முழுமையான உரிமை ஆகாது என்று நோயல் ஹார்ப்பர் வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடானது அல்ல. ஆனால் இன்றைய சட்டம் அதுதான். வலுவான இடம் வேறு: அமைப்பின் தரப்பைக் கேட்டார்களா, காரணம் சொன்னார்களா, தண்டனை தவறுக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா? போராட்டங்களில் பங்கேற்றது 'அரசியல்' என்று குற்றம் சாட்டினால், இன்சாஃப் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2020 மார்ச்சில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கைகொடுக்கும். கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல் மக்கள் நலனுக்காகப் பந்த், மறியல் போன்றவற்றை ஆதரிக்கும் அமைப்பை அரசியல் அமைப்பாக்கி வெளிநாட்டு நிதியை மறுக்க முடியாது என்கிறது அது.

விளக்கம் கேட்டு வரும் நோட்டீஸுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டு நிம்மதி அடையாதீர்கள். கெடு முடியும் முன் எழுத்தில், ஆவணங்களோடு பதில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைக் கோப்பில் வையுங்கள். "பதிலே வரவில்லை" என்று அரசுத் தரப்பு சொல்லும்போது நீதிபதியிடம் நீட்ட அது வேண்டும்.