ஒரே புரோசஸில் ஃபஸ்ஸிங்: நானும் செய்த தவறுகள்

"நொடிக்கு 9,000 தடவை ஓடுகிறது அண்ணா" என்று குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஃபஸ்ஸரின் திரையைப் பெருமையாகக் காட்டினார். ஒரு நிரலுக்கு விதவிதமான உள்ளீடுகளைத் தானாக ஊட்டி, அது எங்கே விழுகிறது என்று தேடும் கருவிதான் ஃபஸ்ஸர். வலது கோடியில் ஸ்டெபிலிட்டி (அதே உள்ளீட்டுக்கு நிரல் அதே வழியில் போகிறதா என்பதன் அளவு) 71 சதவீதம் என்றிருந்ததை அவர் பார்க்கவே இல்லை. ஒரு காலத்தில் நானும் பார்க்கவில்லை.

ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் புதிய புரோசஸை (ஓடும் நிரலின் தனிப் பிரதியை) ஃபோர்க் செய்து உருவாக்காமல், ஒன்றையே லூப்பில் ஓட்டும் வசதி ஏஎஃப்எல் என்ற ஃபஸ்ஸருக்கு 2015-இல் வந்தது. வேகம் பல மடங்கு கூடும். வில்லங்கமும் அங்கேதான் ஆரம்பம்.

முந்தைய சுற்றின் மிச்சம்

நான் சோதித்த பார்சர் (ஃபைலைப் படித்துப் பிரிக்கும் நிரல்), படித்த பெயர்களை 256 இடங்கள் கொண்ட ஒரு குளோபல் அட்டவணையில், அதாவது புரோசஸ் முடியும்வரை அழியாத ஒன்றில், போட்டுவைக்கும். ஒரு ஃபைலில் 64 பெயர்களுக்கு மேல் வரவே முடியாது. நான் அட்டவணையைக் காலி செய்யாமலே அடுத்தடுத்த ஃபைல்களை ஊட்டினேன். ஐந்தாறு ஃபைல்களிலேயே அது நிரம்பி வழிந்தது; கிராஷ். குற்றவாளியாகச் சிக்கியது 11 பைட் ஃபைல். மகிழ்ச்சியில் பார்சரை எழுதியவர்களுக்கு அப்படியே புகார் அனுப்பினேன். "எங்களிடம் கிராஷ் ஆகவில்லையே" என்று பதில் வந்தது. மூன்று நாட்கள் கம்பைலரைச் சந்தேகித்தேன், மெமரியைச் சந்தேகித்தேன், என் லூப்பை மட்டும் சந்தேகிக்கவில்லை. கழுவாத பாத்திரத்தில் காய்ச்சிவிட்டுப் பால் திரிந்தது என்று பால்காரரிடம் சண்டைக்குப் போன கதை.

ஸ்டெபிலிட்டி முதல் நிமிடத்திலேயே சொல்லியிருந்தது. அதே உள்ளீட்டை மறுபடி கொடுத்தால், பெயர் ஏற்கெனவே அட்டவணையில் இருப்பதால் நிரல் வேறு வழியில் போகிறது, எண் சரிகிறது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அட்டவணையைத் துடைத்தேன், கிராஷ் மறைந்தது. இப்போதெல்லாம் கிராஷ் ஃபைலைப் புதிய புரோசஸில் தனியாக ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை. தனியே ஓட்டும்போது விழாவிட்டால், லூப் எண்ணிக்கையை (ஒரு புரோசஸ் எத்தனை சுற்று ஓடியபின் புதிதாகத் தொடங்கும் என்பதை) 1 ஆக்கிச் சிறிது நேரம் ஓட்டுங்கள். அப்போதும் விழவில்லை என்றால் பெரும்பாலும் மிச்சம்தான் காரணம்.

மூடாத ஃபைல்கள்

ஒரு புரோசஸ் ஒரே நேரத்தில் திறந்துவைக்கக்கூடிய ஃபைல்களுக்கு லினக்ஸில் வழக்கமான வரம்பு 1,024. சுற்றுக்கு ஒன்றைத் திறந்து மூட மறந்தால், ஆயிரம் சுற்றுக்குப் பிறகு எதுவும் திறக்காது. ஃபஸ்ஸர் மட்டும் மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும், சோதனை நடப்பதில்லை.

லூப் எண்ணிக்கை லட்சத்தில்

வேண்டாம். 1,000-இல் தொடங்குங்கள்.

நிரலுக்குள் எக்ஸிட் அழைப்பு

எக்ஸிட் என்பது புரோசஸையே முடித்துவிடும் அழைப்பு. புரோசஸ் ஒவ்வொரு முறையும் செத்துப் பிறக்கும். பிறகு எதற்கு லூப்?