பெண்களின் ஆவிக்குரிய தலைமை: வேதத்தை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகளில் கூடும் ஜெபக்கூட்டங்களைத் தாங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். ஆனால் பெண் பிரசங்கிக்கலாமா, சபையை நடத்தலாமா என்ற கேள்வி எழுந்தால், யாரேனும் ஒரு வசனத்தை வாசித்ததும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

நான் மிக அதிகமாகக் கேட்ட தவறு ஆதியாகமம் 2:18-ஐப் பற்றியது. ஏவாள் ஆதாமுக்கு 'ஏற்ற துணை'யாக உண்டாக்கப்பட்டாள் என்பதை வைத்து, துணை என்றாலே கீழ்நிலை என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே மூலமொழியான எபிரெயத்தில் உள்ள 'ஏசெர்' என்ற சொல்லே 121ஆம் சங்கீதத்தில் 'ஒத்தாசை' என்று தமிழாகியிருக்கிறது. 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' என்பதை மலையிலேயே வாழும் நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். அந்த ஒத்தாசை கர்த்தரிடத்திலிருந்து வருகிறது என்று அடுத்த வசனம் கூறுகிறது. கர்த்தருடைய உதவியைக் குறிக்கும் சொல் பெண்ணைக் குறிக்கும்போது மட்டும் எப்படித் தாழ்ந்துபோகும்? 'அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்' என்ற வாக்கியமோ மூன்றாம் அதிகாரத்தில், பாவம் நுழைந்த பின்னரே வருகிறது. அதைப் படைப்பின் ஒழுங்கோடு கலந்து பேசுவதும் இதே வகைத் தவறுதான்.

அடுத்தது, சபைகளுக்கு நிருபங்கள் (கடிதங்கள்) எழுதிய அப்போஸ்தலன் பவுலின் ஒரு வசனத்தைக் கொண்டு அவருடைய மற்ற வசனங்களை மறைத்துவிடுவது. சபையில் பெண்கள் பேசாமலிருக்கக்கடவர்கள் என்று 1 கொரிந்தியர் 14:34 சொல்வது உண்மையே. ஆனால் அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரம், பெண்கள் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. வாய் திறக்கவே கூடாது என்றால் அந்த அறிவுரைக்குத் தேவையே இராது. பெண் உபதேசம்பண்ணவும் ஆணின்மேல் அதிகாரஞ்செலுத்தவும் அனுமதிப்பதில்லை என்று சொல்லும் 1 தீமோத்தேயு 2:12-இல் 'அதிகாரஞ்செலுத்த' என்று தமிழாகியுள்ள கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராததால், அதன் பொருளைப் பற்றி அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உள்ளது. பெபேயாள் என்ற சபைப் பெண்ணை 'ஊழியக்காரி' என்று ரோமர் 16:1 அழைப்பதை வேலைக்காரி என்ற பொருளில் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. பவுல் 1 கொரிந்தியர் 3:5-இல் தன்னையும் உடன் ஊழியரான அப்பொல்லோவையும் குறிப்பதும் அதே கிரேக்கச் சொல்லால்தான்.

வீட்டுக்குள் நடக்கும் தவறு இவற்றைவிடக் கொடியது. மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் 5:22-ஐக் காட்டுகிறவர்கள், 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்ற முந்தைய வசனத்தையும், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் கணவன் மனைவியில் அன்புகூர வேண்டும் என்ற 25ஆம் வசனத்தையும் விட்டுவிடுகிறார்கள். அடி வாங்கி வந்து நிற்கும் பெண்ணிடம் இந்த ஒரு வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புவது பாவம் என்றே நான் கருதுகிறேன். அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு.

ஒரு சபையின் முறையைக் கிறிஸ்தவம் முழுவதற்கும் பொதுவாகச் சொல்வதும் சரியன்று. தென்னிந்தியத் திருச்சபை 1970களிலிருந்து பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது. 2013இல் நந்தியால் பேராயத்தில் புஷ்பலலிதா அதன் முதல் பெண் பேராயரானார். கத்தோலிக்கத் திருச்சபையோ, பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 1994இல் இரண்டாம் யோவான் பவுல் எழுதிய மடலின்படி நிற்கிறது. புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்றான பிரதரன் சபைகளில் பொதுவாக ஆண்களே போதிக்கிறார்கள். ஊட்டியில் அடுத்தடுத்து வாழும் குடும்பங்களே இப்படி வெவ்வேறு முறைகளைப் பின்பற்றுகின்றன.

பெண்களின் ஊழியத்தை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்களும் தவறுகிறோம். 'ஆணென்றும் பெண்ணென்றுமில்லை' என்ற கலாத்தியர் 3:28-ஐச் சொன்னவுடன் விவாதம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். அந்த வசனம் விசுவாசத்தினாலே தேவனுடைய பிள்ளைகளாவதைப் பற்றிப் பேசும் பகுதியில் வருகிறது. அதிலிருந்து சபைத் தலைமைக்கு வர வேண்டுமானால் இடையிலுள்ள படிகளையும் பொறுமையாக விளக்க வேண்டும். அப்படி விளக்கிய பிறகும், மூப்பர் பணி ஆண்களுக்குரியது என்று வேதத்தைப் படித்து நம்புகிற ஒருவரைப் பெண்களை வெறுப்பவர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.