இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு மளிகைச் சிட்டையில் தமிழ்

திண்டுக்கல்லில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழ்ப் பாடத்தில் 80-க்குக் குறைய மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கல்லாவை விட்டு என்னால் எழ முடியவில்லை. ஒரு அம்மா நீட்டிய சிட்டையை அவளிடம் கொடுத்தேன். ‘து.பருப்பு அரை கிலோ’ என்று இருந்தது. கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். கேட்டால், “பருப்புன்னு மட்டும் தெரிஞ்சுதுப்பா” என்கிறாள்.

மார்க்கெல்லாம் கேள்வி பதிலை உருப்போட்டு வாங்கியது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. 2006-ல் சட்டம் போட்டுத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கினார்கள், நல்லதுதான். ஆனால் கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் இங்கிலீஷில் ஓடுகிற பிள்ளைக்குத் தமிழ் ஒரு பீரியடோடு முடிந்துபோகிறது. மிச்சத்தை வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

முதலில், 247 எழுத்தையும் வரிசையாக எழுதச் சொல்லாதீர்கள். நான் சொல்லி ஒரு வாரம் வீண். உயிர் 12, மெய் 18, அப்புறம் கால், கொம்பு, சுழி எங்கே ஒட்டும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடம்பிடிப்பது உகரமும் ஊகாரமும்தான். கு, சு, து மூன்றுக்கும் மூன்று மாதிரி வால். என் மகள் தடுக்கியதும் அந்த ‘து’வில்தான். துவரை, சுக்கு, புளி, முந்திரி, உளுந்து என்று எழுதி அடுக்களை டப்பாக்களில் ஒட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும், அதனால் எழுத்து சீக்கிரம் பிடிபடும்.

அடுத்து சிட்டை. கடைக்குப் போகுமுன் நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும். ஐந்து சாமான் போதும். மல்லி, மிளகு, கேழ்வரகு மூன்றும் அதில் இருந்தால் ல, ள, ழ வந்துவிடும். ‘உலுந்து’ என்று எழுதினால் திட்டாதீர்கள். என் கடைக்கு வருகிற பெரியவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

எண்ணுக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். “எழுபத்தொன்பது ரூபா எடு” என்றால், “செவன்ட்டி நைனா, எய்ட்டி நைனாப்பா?” என்று நிற்பாள். அவள் மேல் தப்பில்லை. தொண்ணூறுக்குள் நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம். இங்கிலீஷில் எண்ணிப் பழகிய பிள்ளை குழம்பத்தான் செய்யும். புத்தகம் வேண்டாம். சில்லறையைத் தரையில் கொட்டி, தமிழில் தொகை சொல்லுங்கள், பிள்ளை எண்ணி வைக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தொகை. தவறினால் மறுபடி தமிழிலேயே சொல்லுங்கள், இங்கிலீஷில் எடுத்துக் கொடுத்தால் அதற்கே காத்திருக்கும். கால், அரை, முக்காலைத் தராசில் காட்டலாம். முக்கால் கிலோ என்றால் 750 கிராம் என்று என் மகளுக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. (துணைக்காலும் ‘கால்’, கால் கிலோவும் ‘கால்’ என்று அவளுக்கு ஒரே சிரிப்பு.)

கடைசியாக போன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்கவிட்டால் மேலே சொன்ன ல, ள, ழ வித்தியாசமெல்லாம் போச்சு. தமிழ் கீபோர்டு போட்டுக்கொடுத்து, பதில் எதிர்பார்க்கிற ஓர் ஆளுக்கு எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது அப்பத்தா. அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, அதனால் ஏமாற்ற வழியில்லை.