இரண்டு பெருவிரலும் எல்லாருக்கும் இருப்பதில்லை: கேம் செய்கிறவர்கள் விடும் பிழைகள்

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த முதல் போன் கேமில் ஒரு விவசாயி இரவில் வயல் காவல் இருப்பார். காட்டுக்குள்ளிருந்து யானை வந்தால் யானை வெடி போட்டு விரட்ட வேண்டும். இடது பெருவிரலால் நடக்க வேண்டும், வலது பெருவிரலால் வெடியை அழுத்திப் பிடித்து எறிய வேண்டும். எல்லாம் முடித்துவிட்டு, கிளிநொச்சியில் பக்கத்து வீட்டு அண்ணையிடம் போனைக் கொடுத்தோம். 2009இல் அவருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. போனை மடியில் வைத்து இடது கையால் நடந்தார். வெடியைத் தொட விரலை எடுத்ததும் விவசாயி நின்றுவிட்டார், யானை வந்து மிதித்தது. மூன்றாம் தடவை சொன்னார்: "தம்பி, நடக்கிறதா, எறியிறதா? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ."

வன்னியில் கை கால் இழந்தவரோ முள்ளந்தண்டில் காயப்பட்டவரோ இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்குள்ளேயே வளர்ந்த எங்களுக்கு இது தோன்றவில்லை. கேமை முடித்த பிறகு காட்டியதுதான் முதல் பிழை. காகிதத்தில் கீறும் நாளிலேயே காட்டியிருந்தால், கட்டுப்பாடுகளை அடியிலிருந்து திரும்ப எழுதியிருக்க வேண்டாம்.

அடுத்தது, 'நல்ல கருவி வாங்கினால் தீர்ந்துவிடும்' என்ற நினைப்பு. கை கால் சரியாக இயங்காதவர்களும் விளையாட என்று மைக்ரோசொஃப்ட் 2018இல் எக்ஸ்பொக்ஸ் அடாப்டிவ் கொன்ட்ரோலர் என்ற கருவியை வெளியிட்டது. வந்தபோது விலை கிட்டத்தட்ட 100 டொலர். காலால், தோளால், தலையால் அழுத்தும் சுவிட்சுகளைச் செருக அதன் பின்பக்கத்தில் 19 துளைகள் உண்டு, ஆனால் சுவிட்சுகளைத் தனியாக வாங்க வேண்டும். சோனியும் 2023இல் அப்படி ஒன்றை வெளியிட்டது. நல்ல சாமான்கள்தான். ஆனால் எங்கள் பக்கம் விளையாடுவது பெரும்பாலும் போனில். அதோடு, அரை விநாடிக்குள் அழுத்து என்று கேமே அடம்பிடித்தால் கருவி என்ன செய்யும்?

போனில்தான் பிழைகள் நிறைய. அழுத்திப் பிடிக்கச் சொல்வது ஒன்று. ஒருமுறை தட்டினால் தொடங்கி, மறுபடி தட்டினால் நிற்கிற மாதிரி வைக்கலாம். சடசடவென்று பத்துத் தடவை தட்டச் சொல்வது இன்னொன்று, அதற்கும் ஒரே தட்டுப் போதும். போனைச் சரித்து ஓட்டும் கேம், சக்கர நாற்காலியில் போனைப் பூட்டி வைத்திருப்பவருக்கும் படுத்தபடி விளையாடுபவருக்கும் உதவாது. பட்டன்களை மூலையில் ஆணி அடித்த மாதிரி வைக்காமல், விரும்பிய இடத்துக்கு இழுக்க விடுங்கள்.

கை இருக்கும் எங்களுக்குத் தெரியாத விசயம் ஒன்று: பிளாஸ்டிக் பொய்க்கை விரலைத் தொடுதிரை பொதுவாக உணராது. வெட்டுப்பட்ட கையின் நுனித் தோலை உணரும், ஆனால் அது அகலமாகப் படுவதால் சில வேளை இரண்டு மூன்று தொடுகையாகக் கணக்குப் போடும். சின்னப் பட்டன்கள் நெருக்கமாக இருந்தால் முடிந்தது கதை.

அன்ட்ரொய்டில் ஒரே சுவிட்சால் போனை இயக்கும் வசதி உண்டு: திரையில் பட்டன்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து வரும், வேண்டியது ஒளிரும்போது சுவிட்சை அழுத்தலாம். அதை நம்பி நாங்கள் சும்மா இருந்தோம். கேமை ஓட்டும் மென்பொருளான கேம் எஞ்சின் திரை முழுவதையும் ஒரே படமாக வரைவதால், அந்த வசதிக்குப் பட்டன்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பட்டனாக ஒளிர்ந்து வரும் முறையைக் கேமுக்குள் நாங்களே எழுத வேண்டி வந்தது.

இடைநிறுத்தத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் நாற்காலியில் இருந்தால் படுக்கைப்புண் வராமலிருக்க, அரை மணித்தியாலத்துக்குள் ஒரு தடவையாவது உடம்பைத் தூக்கியோ சாய்த்தோ எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் புள்ளி குறைக்கும் கேம், அவரைப் புண்ணா புள்ளியா என்று கேட்கிறது.

இன்னொரு வெட்கக்கேடு: எங்கள் கேமில் கட்டுப்பாடுகளை மாற்றும் அமைப்புகளை (செட்டிங்ஸ்) திறப்பதற்கே முதலாவது யானையை விரட்டியிருக்க வேண்டும்! 2020இல் வந்த 'த லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 2' கேமில் இப்படியான அமைப்புகள் 60க்கு மேல் உண்டு, விளையாட்டுத் தொடங்குமுன்பே அவற்றை மாற்றலாம்.

சோதித்துப் பார்க்க வருகிறவரைப் படம் எடுத்துப் போடுவதையும் விடுங்கள். சாமான் கொடுத்துப் படம் எடுத்தவர்களை இந்த ஊர் போதுமானளவு பார்த்துவிட்டது. அவர் செய்வது வேலை, அதற்குக் காசு கொடுங்கள்.

இவ்வளவும் திருத்தியபோது, போகிற போக்கில் யானையையும் மெதுவாக்கி வைத்தோம், அண்ணைக்குச் சுகமாக இருக்கட்டும் என்று. 2018இல் வந்த 'செலஸ்ட்' கேமில் வேகத்தைக் குறைக்கலாம்தான், ஆனால் குறைப்பதா வேண்டாமா என்பது விளையாடுகிறவரின் கையில் இருக்கிறது. நாங்கள் கேட்கவே இல்லை. அண்ணை ஒரு கையால் ஐந்து நிமிடத்தில் எல்லா யானையையும் விரட்டிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

"பட்டன் இப்ப சரி. ஆனா யானை இவ்வளவு மெதுவா வராது தம்பி. பழையபடி விடுங்கோ."