ஜென்டூவில் பாதியில் நின்ற கம்பைல்: என் அனுபவம்

மூலநிரலிலிருந்தே மென்பொருள்களைக் கட்டிக்கொள்ளும் ஜென்டூ லினக்ஸில், இணையப் பக்கங்களைக் காட்ட உதவும் க்யூடி வெப்எஞ்சின் தொகுப்பின் கம்பைல் (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் வேலை) பல மணி நேரம் ஓடியபின் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. யூஸ் கொடிகளை (தொகுப்பில் எந்த வசதிகள் சேர வேண்டும் என்று சொல்லும் அமைப்புகளை) மாற்றியும், அந்த வேலையைச் செய்யும் கம்பைலரையே புதிதாகக் கட்டியும் பலனில்லை.

கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் வேறு கோப்பில் நின்றது என்பதுதான். நிரலில் பிழை இருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். பிழைச் செய்தியில் 'கில்டு' (கொல்லப்பட்டது) என்ற சொல் இருந்ததால், இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவைத் திறந்தேன். நினைவகம் தீர்ந்துபோனதால் கம்பைலரைக் கெர்னலே நிறுத்தியிருந்தது. கணினியில் இருந்தது 16 ஜிபி ரேம், ஒரே நேரத்தில் ஓடியவை 16 இணைப் பணிகள். பணி ஒன்றுக்கு 2 ஜிபியாவது வேண்டும் என்பது ஜென்டூ கையேட்டின் கணக்கு. போதாததற்கு, ஜென்டூவின் தொகுப்பு மேலாளரான போர்ட்டேஜின் தற்காலிக அடைவும் ரேமிலேயே இருந்தது.

போர்ட்டேஜின் 'என்வி' அடைவில் ஒரு சிறு கோப்பை எழுதி, இணைப் பணிகளை 4 ஆகக் குறைத்து, தற்காலிக அடைவை வன்தட்டுக்கு மாற்றி, எந்தத் தொகுப்புக்கு எந்த அமைப்பு என்று சொல்லும் 'பேக்கேஜ்.என்வி' வழியாக அந்த ஒரு தொகுப்புக்கு மட்டும் பொருத்தினேன். கம்பைல் முழுமையாக முடிந்தது, நிம்மதி. மற்றத் தொகுப்புகள் பழைய வேகத்திலேயே கட்டப்படுகின்றன. ஒரு தொகுப்பை மட்டும் தனியே இப்படி ஆள முடிவதற்காகவே நான் ஜென்டூவில் இருக்கிறேன். வன்தட்டில் குறிப்பிடும் அடைவை முன்கூட்டியே உருவாக்கிவிடுங்கள். அது இல்லையென்றால் போர்ட்டேஜின் கட்டளையான எமர்ஜ் வேலையைத் தொடங்காது.