டீசல் லொறிக்குக் கூலன்ட் ஃபில்டர்

கம்பளையில் சுமை ஏற்றி ரம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் லொறிக்கு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் துருவும், எஞ்சினை வார்த்தபோது உள்ளே மீந்த மணலும் படிந்தால் ஏற்றத்தில்தான் சூடு ஏறும். இதைத் தடுக்க, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டில் ஒரு சிறு பகுதி மட்டும் சுற்றிவரும்படி தனி ஃபில்டர் பூட்டலாம். முழு ஓட்டத்தையும் அதற்குள் விடவே கூடாது. அடைத்தால் எஞ்சின் போய்விடும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். கேபின் ஹீட்டருக்குச் சூடான கூலன்ட் போகும் ஹோஸில் ஒரு T வடிவ இணைப்பு, வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் திரும்பும் ஹோஸில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஃபில்டர். ஹீட்டர் இல்லாத வண்டியில் எஞ்சின் பிளாக்கில் பிளக் போட்டு மூடியிருக்கும் கூலன்ட் துளையிலிருந்து எடுக்கலாம். இரு பக்கமும் பித்தளை வால்வு வையுங்கள். ஃபில்டர் மாற்றும்போது கூலன்ட் முழுவதையும் வடிக்க வேண்டியிராது. மாற்றியபின் வால்வுகளைத் திறக்க மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஓடும்போது ஃபில்டரின் கூடு சூடாக இருந்தால் ஓட்டம் இருக்கிறது. குளிர்ந்தே கிடந்தால் வால்வையும் அடைப்பையும் பாருங்கள்.

ஹீட்டர் ஹோஸையே பயன்படுத்துங்கள். டீசல் ஹோஸ் சூடான கூலன்டில் ஊறிக் கெடும். கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் ஆடும். ஹோஸ் சேசிஸில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைப் பிளந்து போர்த்திக் கட்டுங்கள்.

நீண்டகாலக் கூலன்ட் ஊற்றியிருந்தால் மருந்து (துருத் தடுப்பு இரசாயனம்) கலக்காத வெறும் ஃபில்டர்தான் வாங்க வேண்டும். முதல் ஃபில்டரைச் சீக்கிரமே கழற்றி வெட்டிப் பாருங்கள். அடியில் செம்மண் போன்ற சேறு இருந்தால் அடுத்ததையும் விரைவில் மாற்றுங்கள். பூட்டியபின் காற்று வெளியேறும்வரை ஓடவிட்டு, ஆறியதும் மட்டம் பார்த்து நிரப்புங்கள்.