முகவரி வந்துவிட்டது, பெயர் ஏன் வரவில்லை? லினக்ஸ் கிளையன்ட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் கணினி ஒன்றை நெட்வொர்க்கில் இணைக்கிறீர்கள். முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் 192.168.10.57 என்று ஐபி முகவரி கொடுத்துவிட்டது, பிங்கும் போகிறது. ஆனால் பெயரைச் சொல்லித் தேடினால் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ். உடனே பலரும் டிஎன்எஸ் சர்வரைத் தோண்ட ஆரம்பிக்கிறார்கள். முதல் தவறு அதுதான். அந்தக் கணினி தன் பெயரை டிஹெச்சிபி சர்வரிடம் சொன்னதா என்று முதலில் பாருங்கள்.

முகவரி கேட்பது வேறு, பெயர் சொல்வது வேறு. வெறும் பெயர், டிஹெச்சிபி கோரிக்கையின் ஆப்ஷன் 12 என்ற புலத்தில் போகும். டொமைனோடு சேர்ந்த முழுப் பெயரும், டிஎன்எஸ்ஸில் யார் பதிவது என்ற குறிப்பும் ஆப்ஷன் 81-இல் போகும். இவற்றை அனுப்புவதா வேண்டாமா என்பது கிளையன்ட் நிரலையும் அதன் அமைப்பையும் பொறுத்தது. சந்தேகம் இருந்தால், நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் டிசிபிடம்ப்பில் டிஹெச்சிபியின் 67, 68 போர்ட்களைக் கவனித்தபடி கணினியை முகவரி கேட்க வையுங்கள். கோரிக்கையில் பெயர் இல்லையென்றால் சர்வரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, பெயர் போகிறது, ஆனாலும் பதிவாகவில்லை. அந்தப் பெயருக்கு யாராவது முன்பே டிஎன்எஸ்ஸில் கையால் ஒரு 'ஏ' ரெக்கார்டு (பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் பதிவு) போட்டிருக்கலாம். டிஹெச்சிபி சர்வர் ஒரு பெயரைப் பதியும்போது, இது எந்தக் கிளையன்ட்டுக்கு உரியது என்பதற்கு அடையாளமாக இன்னொரு ரெக்கார்டையும் சேர்த்து வைக்கும். 2006-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 4701 அதற்கு டிஹெச்சிஐடி என்று பெயர் வைத்தது. கையால் போட்ட ரெக்கார்டுக்கு அந்த அடையாளம் இருக்காது. எனவே இது வேறு யாருடையதோ என்று சர்வர் ஒதுங்கிக்கொள்ளும். ஓஎஸ்ஸை மறுபடி நிறுவி, கிளையன்ட் அடையாளம் மாறினாலும் இதே கதைதான். எரிச்சலாக இருக்கும், ஆனால் இந்தப் பாதுகாப்பை அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் எந்த லேப்டாப்பும் உங்கள் மெயில் சர்வரின் பெயரைச் சூட்டிக்கொண்டு வரலாம். பழைய ரெக்கார்டை மட்டும் நீக்குங்கள்.

டிஎன்எஸ்ஸை மாற்றும் அப்டேட் அனுமதியை ஐபி முகவரிக்குக் கொடுப்பதும் ஆபத்து, ஐபியைப் போலியாக்க முடியும். டிசிக் சாவி வையுங்கள், அதாவது இரண்டு சர்வர்களும் பகிரும் ரகசியச் சாவியால் அப்டேட்டில் கையெழுத்திடும் முறை. ஆனால் டிசிக் கையெழுத்தில் நேரமும் உண்டு. டிஹெச்சிபி, டிஎன்எஸ் சர்வர்களின் கடிகாரங்கள் வழக்கமான 300 விநாடி வரம்பைத் தாண்டி விலகினால், சரியான சாவியும் நிராகரிக்கப்படும். கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி ஓடட்டும்.

டிஎன்எஸ் சர்வர் மென்பொருளான பைண்டில் நான் அதிகம் அஞ்சுவது, டொமைனின் ரெக்கார்டுகள் உள்ள ஸோன் கோப்பை எடிட்டரில் திறப்பதைத்தான். இப்படி அப்டேட் ஏற்கும் டைனமிக் ஸோனில் புதிய மாற்றங்கள் முதலில் ஜர்னல் கோப்பில்தான் இருக்கும். நீங்கள் திறந்து பார்ப்பது பழைய பிரதியாக இருக்கலாம். அதைத் திருத்திச் சேமித்தால் கோப்பும் ஜர்னலும் முரண்பட்டு, ஸோனே ஏறாமல் போகலாம். பைண்டைக் கட்டுப்படுத்தும் ஆர்என்டிசி கட்டளையில் ஃப்ரீஸ் (freeze) கொடுத்து, திருத்தி, அப்புறம் தா (thaw) கொடுங்கள். ஒன்றிரண்டு ரெக்கார்டுதான் என்றால், டிஎன்எஸ் அப்டேட் அனுப்பும் என்எஸ்அப்டேட் கட்டளையே போதும்.

விர்ச்சுவல் மெஷின்களைக் குளோன் எடுப்பவர்கள் கணினியின் தனி அடையாளம் உள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்ய மறக்கக்கூடாது. லினக்ஸின் நெட்வொர்க் சேவைகளில் ஒன்றான சிஸ்டம்டி-நெட்வொர்க்டி தன் டிஹெச்சிபி அடையாளத்தை அதிலிருந்துதான் உருவாக்குகிறது. இரண்டு மெஷின்கள் ஒரே அடையாளத்தோடு வந்தால், ஒரே முகவரிக்கும் பெயருக்கும் மோதிக்கொள்ளும். 2022-இல் ஆதரவு முடிந்த ஐஎஸ்சி டிஹெச்சிபி சர்வரிலிருந்து கியா சர்வருக்கு மாறியவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே டிஎன்எஸ் அப்டேட்டைச் செய்வது பின்னணியில் ஓடும் தனி நிரல் (டீமன்). அது ஓடாவிட்டாலும் முகவரிகள் குறையின்றிக் கிடைத்துக்கொண்டிருக்கும்.

எல்லாம் திருத்தியபின் லீஸை (முகவரியின் தவணையை) புதுப்பித்து மட்டும் சோதிக்காதீர்கள். விவரம் மாறவில்லை என்றால், ஐஎஸ்சி சர்வர் வழக்கமாக டிஎன்எஸ்ஸைத் தொடாமல் விட்டுவிடும். லீஸை விடுவித்துப் புதிதாகக் கேளுங்கள், அதுவும் எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து அல்ல, கணினியின் முன் உட்கார்ந்து. விடுவித்த நொடியிலேயே இணைப்பு அறுந்துவிடும்.